தள்ளிக்கினே ஏறின சைக்கிள்

எங்க வூட்டுக்காரரு போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சு. அவரு வாங்கின சைக்கிளும் இப்ப இல்ல. துருப்பிடிச்சு, கடைசியில பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கினு போய்ட்டான். ஆனா எனக்கு அவரு நெனப்பு வந்தா மூஞ்சி மொதல்ல வர்றதில்ல. அந்த சைக்கிளு ஹேண்டில்பாரைப் புடிச்சிருக்கிற ரெண்டு கைதான் மொதல்ல வருது. அப்பால தோளு வருது, வேர்த்த கழுத்து வருது, அதுக்கப்புறம்தான் மூஞ்சி. அதனால சைக்கிள்ல இருந்தே சொல்றேன்.

எங்க ஊரு ஜவ்வாது மலை மேல. சாமை, கேழ்வரகு, கொள்ளு, அப்புறம் புளி உலுக்கற மாசத்துல கொஞ்சம் புளி. எழுபது முடிஞ்சு எண்பது பொறந்த சமயம்னு வெச்சுக்கங்களேன், நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வூட்ல மூணே பேருதான். நான், அவரு, எங்க மாமனாரு. மாமியாரு நான் வர்றதுக்கு முன்னாலயே கண்ணை மூடிட்டாங்க. வந்த வருஷமே மழை ஏமாத்திடுச்சு. அவரு போளூருக்கு எறங்கி, மல்லாட்டை, அதான் நெலக்கடலை, ஒடைக்கிற மில்லுல வேலைக்குச் சேந்துட்டாரு.

மில்லுல சனிக்கெழம இருட்டற வரைக்கும் வேலை. ஞாயித்துக்கெழம ஒரு நாளு லீவு. அவங்க விடுற நேரத்துக்கு அடிவாரத்துக்குப் போற பஸ்ஸெல்லாம் போய்ட்டிருக்கும். மறுநாள் காலையில பஸ்ஸு புடிச்சு அடிவாரம் வந்து, மலையேறி வூட்டுக்கு வந்து சேர்றப்போ உச்சிப் பொழுதாயிடும். ஒடனே எறங்கினாத்தான் கீழ கடைசி பஸ்ஸு. தின்ன கை காயறதுக்குள்ள கெளம்பணும்னா வர்றது எதுக்கு? அதனால மாசத்துக்கு ஒரு தரம், ரெண்டு நாளு சேத்து லீவு கேட்டுக்கினு வருவாரு.

சரி, அந்த ரெண்டு நாளாவது எனக்கா கெடச்சுது? எங்க வூடு ஒரே அறை. மாமனாரு எதிர்ல மருமவ புருஷன்கிட்ட வாய் தொறந்து பேசக்கூடாது, அது எங்க ஊரு வழக்கம். இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேக்கணும்னாக்கூட சொம்பை நங்குன்னு கீழ வெக்கணும். அவரு நிமிந்து பாப்பாரு. கையைக் காட்டினா வேணாம், தட்டை நகத்தினா வேணும். அவ்வளவுதான் எங்க பேச்சு. ராத்திரியில மாமனாரு நடுவுல கட்டின மூங்கத் தட்டிக்கு அந்தாண்ட படுப்பாரு. அவரு இருமினா இந்தாண்ட நாங்க மூச்சை அடக்கிக்குவோம். பகல்ல யாரு வூட்டுப் பையன் ஊருக்கு வந்திருக்கான்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து, போளூர்ல மல்லாட்டை இன்னா வெலைன்னு கேட்டுக்கினு உக்காந்துடுவாங்க. கண்ணாலம் ஆயி ஒரு வருஷத்துல நான் அவருகிட்ட பேசினதைவிட மாவரைக்கிற கல்லுகிட்ட பேசினது ஜாஸ்தி.

ஊரு எல்லையில ஒரு கல்லு நட்டிருக்கும். செருப்புப் போட்டிருக்கிறவங்க அதுகிட்டயே கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும். ஊருக்குள்ள தோலு வரக்கூடாது, சாமி குத்தம். அவரு கெளம்புறப்போ நான் தண்ணிக்குப் போற சாக்குல அந்தக் கல்லு வரைக்கும் போவேன். அவரு செருப்பை மாட்டுற நேரம் எங்களுக்கு. ஒரு தரம் செருப்பு வாரை இழுத்துக்கினே சொன்னாரு: "சைக்கிள் ஒண்ணு வாங்கிட்டேன்னா வாரா வாரம் வந்துடுவேன்மே."

வாரா வாரம்! எனக்குக் காலு தரையில பாவல. கொடத்துல பாதி தண்ணியோட வூட்டுக்கு வந்து மாமனாருகிட்ட மொறைப்பு வாங்கினேன்.

அவரு எப்படிக் கணக்குப் போட்டாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வாடகை சைக்கிள் எடுத்து போளூர் ரோட்டுல பழகியிருக்காரு. நடக்கறவங்களை எல்லாம் வாரி பின்னால போட்டுட்டு அது பறந்திருக்கு. எங்க மலையில தூரத்தை மைலுல சொல்லமாட்டோம். ரெண்டு வெத்தலை போடுற தூரம், குடிச்ச கஞ்சி செமிக்கிற தூரம், இப்படித்தான். அதுவும் காலு நடக்கிற குறுக்குப் பாதைக் கணக்கு. அந்த நடையை சைக்கிள் வேகத்தால வகுத்துப் பாத்துட்டு, சனிக்கெழம மில்லு விட்டதும் கெளம்பினா ராத்திரிச் சோத்துக்கு வூட்ல இருப்பேன்னு முடிவு கட்டிட்டாரு. குறுக்குப் பாதை பாறையும் படியுமா இருக்கே, அதுல சைக்கிள் எப்படி வரும்? வண்டி ரோட்டுல வரணும்னா அது மலையைச் சுத்திச் சுத்தி வருதே? அதை விடு, சைக்கிள் மலை ஏறுமா? மலையில பொறந்து மலையிலயே வளந்த ஆளு, கொஞ்ச நாளு சமதரையில ஓட்டினதுல மலையையே மறந்துட்டாரு. அவரை மட்டும் சொல்லி இன்னா பண்றது? நானும்தான் மறந்தேன். மாமனாரும் மறந்தாரு. ஏறுமான்னு ஒருத்தராவது கேட்டமா?

சைக்கிள் வாங்கிட்டேன், வர்றேன்னு சொல்லியனுப்பின சனிக்கெழம நான் சாமைச்சோறு ஆக்கி, அவரைக்கொட்டைக் கொழம்பு வெச்சு, கொள்ளுத் தொவையல் அரைச்சு வெச்சேன். மணிச்சத்தம் கேக்கும்னு சொல்லியிருந்தாரு. கேட்டுக்கினே இருந்தேன். சோறு ஆறிப்போச்சு. காலையில பழைய சோறா ஆச்சு. ஞாயித்துக்கெழம எல்லைக்கல்லுக்கும் வூட்டுக்கும் நடந்து நடந்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. நடந்து வந்தா வர்ற நேரமும் தாண்டிடுச்சு. வழியில விழுந்துட்டாரோ, யாராச்சும் வண்டியைப் புடுங்கிக்கினாங்களோன்னு என்னென்னமோ நெனப்பு.

பொழுது மேற்க திரும்பினப்புறம் ரோட்டு வளைவுல ஆளு தெரிஞ்சுது. சைக்கிள் மேல இல்ல. சைக்கிள் பக்கத்துல. குனிஞ்சு, ரெண்டு கையால அதை நெட்டிக்கினு, எருமை கணக்கா மூச்சு வாங்கிக்கினு வந்தாரு.

ஊரே எல்லைக்கல்லுகிட்ட கூடிடுச்சு. நானும் கூட்டத்துக்குப் பின்னால நின்னு அந்த வண்டியை மொத மொதல்ல பாத்தேன். கரும்பச்சை நிறம். கடையில சுத்தின காயிதத்தைக்கூட பிரிக்கல, பாருல அப்படியே இருந்துது. செம்மண்ணு தெறிச்சு அந்தக் காயிதம் பாழாயிருந்துது. ரப்பரும் கிரீஸும் கலந்து ஒரு புது வாசனை. எங்க ஊர்ல அதுவரைக்கும் அந்த வாசனை அடிச்சதில்ல. இருக்கிறதுலயே சாதா வண்டின்னு பாத்தாலே தெரியுது. லைட்டு கெடையாது. செயினுக்கு மூடி கெடையாது. ஒரு மணி, ஒரு ஸ்டாண்டு, பின்னால ஒரு கேரியரு. சக்கரத்துக் கம்பியெல்லாம் வெயில்ல மின்னிச்சு. அழகாத்தான் இருந்துது, பொய் சொல்லக்கூடாது. ஆனா அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு ராத்திரியும் அரை நாளும் என் புருஷனை ரோட்டுல வெச்சுக்கினு இருந்தது அதுதானே.

மாமனாரு அதைச் சுத்தி வந்து பாத்தாரு. "கழுதைன்னா நம்மள ஏத்திக்கினு வரும். இது இன்னாடா, நம்மள ஏத்தச் சொல்லுது?"ன்னாரு. ஊரே சிரிச்சுது. எங்க வூட்டுக்காரரு மட்டும் சிரிக்கல.

அதோட விட்டாங்களா? ஊருக்கு நாயம் சொல்ற ஊர்க்கவுண்டரு வந்து சீட்டைத் தொட்டுப் பாத்தாரு. தட்டிப் பாத்தாரு. மோந்துகூட பாத்தாரு. தோலு! செருப்பு மாதிரிதானே இதுவும், உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு. செருப்பு காலுக்குக் கீழ, இது வேறன்னு இவரு சொல்லிப் பாத்தாரு. காலுக்கு மேலயா இருந்தாலும் தோலு தோலுதான்னுட்டாங்க. அப்பால இவரு மடியில இருந்து ஸ்பானரை எடுத்து, எல்லாரு எதிர்லயும் சீட்டைக் கழட்டி, எல்லைக்கல்லுகிட்ட செருப்புக்குப் பக்கத்துல வெச்சாரு. சீட்டு இல்லாத மொட்டை வண்டியைத் தள்ளிக்கினு ஊருக்குள்ள வந்தாரு. புது வண்டிக்கு நான் மஞ்சத்தண்ணி சுத்திக் கொட்டினேன். எதுக்குக் கொட்டினேன்னு எனக்கே தெரியல.

வந்தவரு பழைய சோத்தைத் தின்னுட்டு கட்டை மாதிரி படுத்துட்டாரு. தோளு ரெண்டும் வீங்கியிருந்துது. கையில கொப்புளம். நான் விசிறிக்கினே வாசல்ல நிக்கிற வண்டியைப் பாத்துக்கினு இருந்தேன். மாமனாரு ஆடு ஓட்டப் போனப்போ கிட்டப் போயி பின்சக்கரத்தை ஒரு சுத்து சுத்தி விட்டேன். கடகடன்னு சத்தத்தோட சுத்திச்சு. எவ்வளவு லேசா சுத்துது பாரு, சிறுக்கி. இந்த வேகத்துல அவரைக் கொண்டாந்து வுட வேண்டியதுதானேன்னு அதைத் திட்டினேன்.

எழுந்ததும் கெளம்பணும். கல்லுகிட்ட சீட்டை மாட்டினாரு. எறக்கத்துல வண்டி பிச்சுக்கினு ஓடிடும்னு ஒரு புளியங்கெளையை வெட்டி, கயிறு கட்டி பின்னால இழுத்துக்கினு வர்ற மாதிரி மாட்டிக்கினாரு. ஏறி உக்காந்தாரு, ஒரு மணி அடிச்சாரு, போய்ட்டாரு. அவ்வளவுதான். தூசி மட்டும் நின்னுது.

எனக்கு அப்பத்தான் இன்னா போச்சுன்னு ஒறைச்சுது. நடந்து போற நாள்ல அவரு எறங்குறதை அந்தக் கல்லு மேல ஏறி நின்னு பாத்துக்கினு இருப்பேன். குறுக்குப் பாதை எங்க ஊருக்கு நேரா கீழ போவும். மரத்துக்குள்ள மறைவாரு, பாறைகிட்ட தெரிவாரு, மறுபடி ஓடைகிட்ட வெள்ளைத் துண்டு தெரியும். ஓடைகிட்ட திரும்பி ஒரு தரம் பாப்பாரு. கைகூட தூக்கமாட்டாரு, சும்மா நிப்பாரு. மாசத்துக்கு ஒரு தரம்தான்னாலும் அவ்வளவு நேரம் அவரு எனக்கு இருந்தாரு. இந்த வண்டி மொத வளைவுலயே அவரை முழுங்கிடுச்சு. வர்றதுக்கு அரை நாளு, போறதுக்கு அரை நொடி. நல்லா இருக்குதே நாயம்னு அந்தக் கல்லு மேலயே உக்காந்து அழுதேன்.

ஆனாலும் மனுஷனுக்கு வீம்பு. சனிக்கெழம மில்லு விட்டதும் அடிவாரம் வரைக்கும் ஓட்டிக்கினு வந்து, அங்க டீக்கடை பாய்கிட்ட சொல்லிட்டு பெஞ்சு மேல படுத்துக்குவாரு. விடியறப்போ தள்ள ஆரம்பிச்சா உச்சிக்கு மேல வூடு. சாயங்காலம் வரைக்கும் தூங்குவாரு. எழுந்து போய்டுவாரு. சொன்ன சொல்லு தவறல, வாரா வாரம் வந்தாரு. எனக்குக் கெடச்சது அவரு கொறட்டைதான். வண்டியைக் கீழயே விட்டுட்டு நடந்து வரலாம்னு மாமனாரு சொன்னதுக்கு, ஊர்லயே மொத சைக்கிள், அது ஊருக்கு வரலைன்னா எதுக்கு வாங்கினதுன்னு கேட்டாரு. நாலாவது வாரம் தோளைத் தூக்கவே முடியல. அடுத்த வாரம் வர்றது கஷ்டம்தான்னு அப்பன்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. அடுப்புகிட்ட இருந்து கேட்டுக்கினு இருந்தேன். சொம்பை நங்குன்னு வெச்சேன். யாரும் நிமிந்து பாக்கல.

அவரு போனப்புறம் மாமனாரு ரொம்ப நேரம் வெத்தலையை மென்னுக்கினு இருந்தாரு. அவரு எங்கிட்ட நேரா பேசறதும் கொறைச்சல்தான். எதுன்னாலும் ஆட்டைப் பாத்துச் சொல்லுவாரு, நான் புரிஞ்சுக்கணும். அன்னிக்கும் ஆட்டைப் பாத்துத்தான் சொன்னாரு: "ஒத்தையில எவ்வளவுதான் தள்ளுவான்? எறங்கிப் போயி பின்னால ஒரு கை குடுத்தா இன்னா, தேய்ஞ்சா போய்டுவ?" வர்ற ஞாயித்துக்கெழம மருமவ கீழ வந்து கை குடுப்பான்னு, போளூர் சந்தைக்குப் போற ஆளு மூலமா மில்லுக்குச் சொல்லியும் அனுப்பிட்டாரு.

மருமவ புருஷன்கூட ரோட்டுல பேசிக்கினு வந்தா ஊரு வாயில விழுந்து எந்திரிக்கணும். ஆனா வேலைன்னு வந்துட்டா எங்க ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வண்டி தள்றது வேலைதானே.

ஞாயித்துக்கெழம விடியறப்போ கஞ்சித் தூக்கை எடுத்துக்கினு குறுக்குப் பாதையில எறங்கினேன். அந்தப் பாதை வண்டி ரோட்டை அங்கங்க வெட்டிக்கினு போவும். ரெண்டாவது வெட்டுல அவரைப் பாத்தேன். குனிஞ்சு தள்ளிக்கினு வந்தாரு. போயி கேரியரைப் புடிச்சு நெட்டினேன். பாரம் கொறைஞ்சதும் திரும்பிப் பாத்தாரு. எதிர்ல மாமனாரு இல்ல, தட்டி இல்ல, மல்லாட்டை வெலை கேக்கற ஆளு இல்ல. யாருமே இல்லாத எடத்துல எப்படிப் பேசறதுன்னு எங்களுக்குப் பழக்கமில்ல. நாலு வளைவு தாண்டித்தான் அவரு கேட்டாரு, எப்ப எழுந்தன்னு. அதான் மொத பேச்சு.

அப்புறம் நின்னுதா! மலை முழுக்கப் பேசினோம். மில்லுல மல்லாட்டைத் தோலு தூசி பறந்து ராத்திரியில இருமல் வர்றதைச் சொன்னாரு. மூட்டை மேல படுத்துக்கினு எங்க ஊரு எந்தப் பக்கம்னு பாத்துக்கினு தூங்குவாராம். சைக்கிள் பழகறப்போ ஒரு இட்லிக்காரம்மா கூடை மேலயே போய் விழுந்ததைச் சொல்றப்போ நான் சிரிச்ச சிரிப்புல வண்டி பின்னால உருண்டுடுச்சு. கடைக்காரரு லைட்டா கேரியரா, ஒண்ணுதான் முடியும்னு கேட்டாராம். இருட்டுல வர்ற ஆளு லைட்டுதானே வாங்கணும்? கேரியருன்னு சொல்லிட்டேன்மே, நீ எதுல உக்காருவன்னாரு. நான் ரோட்டையே பாத்துக்கினு தள்ளினேன்.

இன்னொண்ணும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவருக்குக் கொள்ளுத் தொவையலே புடிக்காதாம்! ஒரு வருஷமா வர்ற தரமெல்லாம் அதைத்தான் அரைச்சு அரைச்சு வெச்சேன். அவரும் தின்னாரு. ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, சொம்பை வெச்சு நீ கேப்ப, தொவையல் புடிக்கலன்னு நான் எதை வெச்சுச் சொல்றதுன்னு கேட்டாரு. நாயமாத்தான் இருந்துது.

அதுக்கப்புறம் வாரா வாரம் அதுதான். எங்களுக்குன்னு எடங்க உண்டாச்சு. கஞ்சி குடிக்கிற தட்டைப் பாறை. தண்ணி மொண்டுக்கிற ஓடை. மூச்சு வாங்குற மூங்கப் பொதரு. மேல போனா ஒரு எடத்துல ரோடு கொஞ்ச தூரம் சமமா ஓடும். அந்த மலை ரோட்டுல அது ஒண்ணுதான் சமதரை. அங்க மட்டும் அவரு ஏறி உக்காருவாரு, நான் கேரியர்ல உக்காருவேன். ரெண்டு பக்கமும் நெல்லி மரம். காத்து முந்தானையை இழுக்கும். அவரு சட்டையைப் புடிச்சுக்கலாம், யாரும் பாக்கமாட்டாங்க. இப்பத்தான் ஏறினமேன்னு நெனைக்கிறதுக்குள்ள சமதரை முடிஞ்சுடும். எறங்கி மறுபடி தள்ளுவோம். ஊரு எல்லை வந்ததும் அவரு சீட்டைக் கழட்டுவாரு, நான் வாயை மூடிக்குவேன். ரெண்டையும் கல்லுகிட்ட வெச்சுட்டுத்தான் உள்ள போவோம்.

ஏறாத வண்டியை வாங்கிட்டு ரெண்டு பேரும் மாடு கணக்கா இழுக்கிறாங்கன்னு ஊர்ல கேலி பேசினாங்க. பேசட்டும்னு விட்டேன். சாமை அறுத்து, அடுத்த சாமை வெதைச்சு அறுக்கிற வரைக்கும் அப்படிப் போச்சு. நான் அந்த வருஷம் மாதிரி சந்தோசமா எப்பவும் இருந்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கெழம எறங்கினேன். ரெண்டாவது வெட்டுல அவரு இல்ல. அடுத்த வெட்டுலயும் இல்ல. அடிவாரம் வரைக்கும் போய்ட்டேன். டீக்கடை பாய், ராத்திரி வரவே இல்லியேம்மான்னாரு. அப்ப ஒரு பஸ்ஸு வந்து நின்னுது. போளூர்ல இருந்து எங்க ஊரு வழியா ஜமுனாமரத்தூருக்கு, காலையில ஏறி சாயங்காலம் எறங்குற மாதிரி, அந்த வாரம்தான் விட்டிருக்காங்க. பஸ்ஸு தலை மேல எங்க சைக்கிளு. ஜன்னல்ல அவரு. அவரு மூஞ்சியில அவ்வளவு சிரிப்பு. ஏறு மே, ஏறுன்னு கையை ஆட்டினாரு.

ஏறினேன். பொம்பளைங்க முன்னால, ஆம்பளைங்க பின்னால. ஊரு பேரு தெரியாத ஜனம் எல்லாம் ஏறிக் குந்தியிருந்துது. அவரு பின்னால கண்டக்டருகிட்ட சைக்கிளைப் பத்திப் பேசிக்கினு வர்றது கேட்டுது. நான் ஜன்னலோரம் உக்காந்து பாத்தேன். ஓடை போச்சு. தட்டைப் பாறை போச்சு, அது மேல போன வாரம் நாங்க துன்ன எள்ளுருண்டை காயிதம்கூட கெடந்துது. மூங்கப் பொதரு போச்சு. சமதரை வந்ததும் எழுந்து நிக்கலாம் போல இருந்துது. நெல்லி மரத்தைப் பாக்கறதுக்குள்ள அது முடிஞ்சுது. ஒரு வார்த்தை பேசல நாங்க. நாஷ்டா நேரத்துக்கெல்லாம் வூட்ல இருந்தோம்.

அன்னிக்கு முழுக்க அவருக்குத் தலைகால் புரியல. தோளு வலி இல்ல, தூக்கம் இல்ல, அப்பன்கூட உக்காந்து பேசினாரு, வந்தவங்ககூட எல்லாம் பேசினாரு. இனிமே கவலையே இல்ல, நெனைச்சா வந்துடலாம்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. பொண்டாட்டியும் இனிமே மாடு மாதிரி தள்ள வேணாம்னு அவரு சொன்னது என் காதுல விழுந்துது. எனக்காகத்தான் அவ்வளவு சந்தோசப்பட்டாரு, அதுதான் எனக்குத் தாங்கல. சோறு போட்டேன். சொம்பை வெச்சேன். தட்டை நகத்தினாரு. போட்டேன்.

சாயங்காலம் கொடத்தை எடுத்துக்கினு கல்லுகிட்ட போனேன். சீட்டை மாட்டிக்கினு இருந்தாரு. எறக்கத்துக்கு பஸ்ஸு வேணாம், வண்டியிலயே போறேன்னு சொல்லியிருந்தாரு. ஸ்பானரைத் திருகி முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம். ஆசையை வாய் விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. வெக்கத்தை விட்டுச் சொன்னேன்:

"மாமா, பஸ்ஸுல வராதீங்க. தள்ளிக்கினே வாங்க."

அவரு திருகுறதை நிறுத்தினாரு. என்னைப் பாத்தாரு. பைத்தியமான்னு கேப்பாருன்னு நெனைச்சேன். கேக்கல. சீட்டை ஒரு தரம் அழுத்திப் பாத்துட்டு, ஏறி, மணிகூட அடிக்காம போய்ட்டாரு.

அந்த வாரம் எனக்கு எப்படிப் போச்சுன்னு சொல்ல முடியாது. நோவாம வர்றதுக்கு வழி பொறந்த அன்னிக்கு, நோவோட வான்னு புருஷனைக் கேக்கறவளும் ஒரு பொண்டாட்டியான்னு என்னையே திட்டிக்கினேன். அவரு தோளுல இருந்த வீக்கத்தை நெனைச்சுக்குவேன். பஸ்ஸுலயே வரட்டும், நல்லா இருக்கட்டும்னு நெனைச்சுக்குவேன். அடுத்த நிமிஷமே, கடவுளே, அந்தப் பஸ்ஸுல அவரு இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்குவேன்.

ஞாயித்துக்கெழம கஞ்சித் தூக்கோட எறங்கினேன். ஒவ்வொரு வெட்டுலயும் நின்னு பாத்தேன். இல்ல. அடிவாரத்துல டீக்கடை பெஞ்சு காலியா இருந்துது. ராத்திரி வரலைன்னாரு பாய். சரி, அவ்வளவுதான்னு பெஞ்சு மேல உக்காந்துட்டேன். தூக்கைத் தொறக்கக்கூட மனசு வரல.

பஸ்ஸு வந்துது. எழுந்து போயி ஒவ்வொரு ஜன்னலா பாத்தேன். போன வாரக் கூட்டம் இல்ல, புதுசுக்கு வந்த ஜனம் அதோட சரி. ஒரு பெரியவரு, அவரு மடியில ஒரு கோழிக்கூடை, கடைசி சீட்டுல கண்டக்டரு. தலை மேல பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஏறும்மான்னு கண்டக்டரு கூப்பிட்டாரு. நான் வரலைன்னேன். பஸ்ஸு போச்சு. பஸ்ஸுலயும் இல்ல, ரோட்டுலயும் இல்ல. இந்த வாரம் வரவே இல்லியா, என் பேச்சைக் கேட்டு கோவிச்சுக்கினாரான்னு நான் போளூர் ரோட்டைப் பாத்துக்கினு நின்னேன்.

பஸ்ஸு கெளப்பின தூசி அடங்கவே இல்ல, அதுக்குள்ள இருந்து மணிச்சத்தம் கேட்டுது.

சட்டை முழுக்க வேர்வை, தலையெல்லாம் மல்லாட்டைத் தோலு. ராத்திரியெல்லாம் லாரிக்கு லோடு ஏத்திட்டு விடியறப்போ நேரா மிதிச்சுக்கினு வந்திருக்காரு. எங்கிட்ட வந்து எறங்கினாரு. என் மூஞ்சியைப் பாக்காம, ஹேண்டில்பாரைத் தொடைச்சுக்கினே சொன்னாரு:

"பஸ்ஸு ஒரே கூட்டம்மே. ஏறவே முடியல."

"ஆமாங்க மாமா, பாத்தேன்"னு சொன்னேன்.

அவரு ஹேண்டில்பாரைப் புடிச்சாரு. நான் பின்னால போயி கேரியரைப் புடிச்சேன்.